லேபிள் சுரண்டாத டப்பா

ஞாயிற்றுக்கிழமை ரேஸ் முடிந்தால் திங்கட்கிழமை என் பட்டறை வாசலில் கூட்டம் நிற்கும். ஒருத்தன் கையில் முறுக்கிக்கொண்ட கிராங்க், இன்னொருத்தன் கையில் ஓட்டை விழுந்த பிஸ்டன், எல்லோர் முகத்திலும் எழவு வீட்டுக் களை. நான் காபியை உறிஞ்சிக்கொண்டே, "போன வாரம் என்னமா பேசின, இப்ப எங்கய்யா போச்சு அந்த வாய்?" என்று கேட்பேன். கோபித்துக்கொண்டு போக முடியாது. ரிபெய்ராவ் நகரத்துக்குப் போகிற சாலையில் கிராங்க் கடைய இந்தத் தல்வா ஒருத்தியை விட்டால் ஆள் கிடையாது.

எங்கள் பக்கம் கரும்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. எங்கள் ரேஸ் வண்டிகளும் கரும்பைத்தான் குடிக்கின்றன, ஆலையில் வடித்த எத்தனாலாக. டர்போ போட்ட இன்ஜினுக்கு அதைப்போல ஒரு தீனி இல்லை. எவ்வளவு மிதித்தாலும் தாங்கும். ஆனால் அந்தச் சனியன் எரிந்தோமா போனோமா என்று இருக்காது. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே இருக்கும் ஆயிலில் போய்ச் சேரும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும். நாலு ஓட்டம் ஓடிவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே பால் காபி நிற்கும், சாராயக்கடை வாடை அடிக்கும். அந்தக் காபியில் பேரிங் எத்தனை நேரம் உயிரோடு இருக்கும்? அதனால்தான் எங்கள் ஊரில் எவன் எவனைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: என்ன ஆயில் போடுகிறாய்?

ஒருத்தனும் சொல்லமாட்டான். யாரோடு தொடுப்பு வைத்திருக்கிறான் என்பதைக்கூடச் சொல்லிவிடுவான், ஆயில் பெயரைச் சொல்லமாட்டான். டப்பாவின் லேபிளைப் பிளேடால் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, அப்புறம்தான் குப்பையில் போடுவான். அடுத்தவனும் லேசுப்பட்டவனா? எங்கேயாவது ஒரு துண்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று அந்தக் குப்பையைக் கிளறுவான். ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் உட்காருகிற பெரிய மனுஷர்கள், சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெருக் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். கேட்டால், மோதிரம் விழுந்துவிட்டது என்பார்கள். அத்தனை மோதிரம் இந்த ஊரில் ஏது?

என் பட்டறைக்கும் ரொசில்டா பட்டறைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். வாசலில் இருக்கும் தொட்டியும் இரண்டு பேருக்கும் பொது. ரொசில்டா இன்ஜின் கட்டுகிறவள். கை என்றால் அப்படி ஒரு கை. வாய் இருக்கிறதே, அது தேள் கொடுக்கு. அவளுடைய முதல் புருஷன் வல்தேசிர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஒப்பாலா காரை ஆணி ஆணியாகக் கட்டினார்கள். சேர்ந்து என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கட்டினவள் இவள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் அவன். பிரிந்தபோது வண்டிக் காகிதம் அவன் பெயரில் இருந்ததால் அவன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். புருஷன் போனதற்கு இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வண்டி போனதற்கு மட்டும் நாள் தவறாமல் அவனைத் திட்டுவாள், சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு எனக்கே அந்த வசவெல்லாம் மனப்பாடம்.

இரண்டாவது புருஷன் ஒஸ்மார். கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். அதிர்ந்து பேசமாட்டான். ஆனால் வண்டியில் உட்கார்ந்தால் அவன் கால் சொன்னபடி கேட்கும். ரொசில்டா கட்டிய வெள்ளை வொயாஜ் காரை அவன்தான் ஓட்டினான். அவளை அவன் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். இவ்வளவு பாசத்தை இவளிடம் கொண்டுவந்து கொட்டுகிறானே, வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று.

அந்த வருஷம் ரொசில்டா ஆயில் தேர்ந்தெடுத்த அழகை நான் பார்த்தேன். காலி மயோனைஸ் பாட்டில்களை வரிசையாகச் சுவர்மேல் வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆயில். அதில் கொஞ்சம் எத்தனால், இரண்டு சொட்டுத் தண்ணீர். குலுக்கி வெயிலில் விட்டாள். சாயங்காலம் வந்து ஒவ்வொன்றாக விரலில் தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தாள். எல்லாம் ஏதோ ஒரு அளவுக்குக் கலங்கித்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த உசத்தியான ஒன்றுகூடத் தயிர் மாதிரி நின்றது.

"எந்தக் கொம்பன் ஆயிலும் இந்தச் சாராயத்துக்கு முன்னால நிக்காது, தல்வாக்கா," என்றாள். "அதனால விலை மலிஞ்சதா, கெட்டியா ஒண்ணு. கரும்பு லாரிக்கு ஊத்தறானே, அதுதான். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வடிச்சுக் கீழ ஊத்திட்டுப் புதுசு போட்டுடுவேன். அவ்வளவுதான் ரகசியம்."

ஒஸ்மார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "லாரி ஆயிலா? நம்ம வண்டிக்கா?" என்றான், முகம் சுருங்கிப்போய்.

"ஆமா, லாரி ஆயில்தான். உனக்கென்ன அதப் பத்தி? நீ ஸ்டீயரிங்கப் பிடி. இன்ஜின் என் வேலை."

"எல்லாரும் கேக்கறாங்க ரொசி. என்கிட்டயாவது நெசத்தச் சொல்லலாம்ல."

"சொன்னேனேய்யா! நம்பலன்னா போ."

அவன் நம்பவில்லை. ஊர் முழுக்கப் பொய் சொல்கிற விஷயத்தில் நம் பெண்டாட்டி மட்டும் உண்மை சொல்வாளா என்று நினைத்திருப்பான். அதற்கேற்ப அவளும் அவன் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு டப்பாவாகச் சுரண்டித் துடைத்துப் போட்டாள். லாரி ஆயில் டப்பாவுக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று அவன் யோசித்தால் அவன்மேல் குற்றமா?

பந்தயம் வந்தது ஒரு சமோசாப் பேச்சில். சமோசா என்று உங்களுக்குப் புரியச் சொல்கிறேன், இங்கே அதற்குப் பேர் பாஸ்தெல். ரேஸ் நடக்கும் ஓடுதளத்து ஓரத்துக் கடையில் வல்தேசிர் அதைக் கடித்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ரொசில்டா கட்டினதுல ஓடற வண்டி ஒண்ணுதான். அது என்கிட்ட இருக்கு," என்றான். இவள் கரும்புச்சாற்றுக் கிளாசை அவன் காலடியில் போட்டு உடைத்தாள். வண்டிக்கு வண்டி, ஒரே ஓட்டம், தோற்றவன் காகிதத்தைக் கொடுத்துவிட்டு நடந்து போகவேண்டியது என்று அங்கேயே முடிவானது. ஒப்பாலா திரும்பி வரும், இல்லையென்றால் வொயாஜும் போகும்.

அன்றைக்கு ஒஸ்மார் என் பட்டறையில் வந்து உட்கார்ந்தான். "அந்த ஒப்பாலா மட்டும் வந்துட்டா போதும்கா," என்றான். "அப்புறம் அவ அந்த ஆளப் பத்திப் பேசறத விட்டுடுவா. எங்க வீட்டுல சாப்பாட்டு மேசைல மூணு பேரு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

"அப்ப ஒழுங்கா ஓட்டு," என்றேன். வேறென்ன சொல்வது.

ரேசுக்கு முந்தைய வாரம் ரொசில்டா என்னை இழுத்துக்கொண்டு போய் இரண்டு டப்பாக்களைக் காட்டினாள். பளபளவென்று தங்கக் கலர் லேபிள். ரேசுக்கென்றே காய்ச்சிய விளக்கெண்ணெய். பழைய காலத்தில் சாராயத்தில் ஓடும் வண்டிக்கு அதைவிட்டால் ஆயிலே இல்லை என்பார்கள். சாராயத்தோடு ஒத்துப்போகும், பேரிங்கை விட்டு நகராது. ஆனால் ஒரு கெட்ட குணம். மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த சாதாரண ஆயிலோடு சேராது. இன்ஜினைப் பிரித்துக் கழுவித் துடைத்துவிட்டு ஊற்றினால் தெய்வம். பழைய ஆயில் மிச்சம் இருக்கும்போது ஊற்றினால் பசையாகத் திரண்டு, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

"இதையா போடப்போற?" என்றேன்.

"எனக்கென்ன பைத்தியமா? இது அவனுக்கு." சிரித்தாள். "ஜெசே வாராவாரம் நம்ம தொட்டியில பீர் டப்பா பொறுக்க வரான்ல, அவன அனுப்பறதே வல்தேசிருதான். இத அப்படியே லேபிளோட போடறேன். எடுத்துட்டுப் போவான். அந்தச் சோம்பேறி இன்ஜினப் பிரிச்சுக் கழுவவா போறான்? வடிச்சிட்டு மேல ஊத்துவான். பாதி ஓட்டத்துல ஒப்பாலா செத்து விழும். விழட்டும், எனக்குக் கூடுதான் வேணும். இன்ஜின நான் கட்டிக்குவேன்."

"அடிப் பாதகத்தி," என்றேன். மனசுக்குள் ரசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அந்த வல்தேசிரைக் கண்டால் எனக்கும் ஆகாது.

டப்பாவில் இருந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. காசு போட்டு வாங்கியதாயிற்றே. ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, காலி டப்பா இரண்டையும் தொட்டியில் போட்டாள். வெள்ளிக்கிழமை ஜெசே வந்து போனபின் பார்த்தோம், ஒன்று காணோம். ரொசில்டா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒஸ்மார் வழக்கம்போலத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்ட வந்தான். தொட்டிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். போகும்போது விசிலடித்துக்கொண்டு போனான். நல்ல மனநிலையில் இருக்கிறான் போல என்று நினைத்துக்கொண்டு நான் கடையை இழுத்து மூடினேன்.

மருந்தடிக்கிற சின்ன விமானங்கள் முன்பு இறங்கிக்கொண்டிருந்த ஓடுதளம்தான் எங்கள் ரேஸ் மைதானம். ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ரொசில்டா பெயர் பதிகிற வரிசையில் நின்று, முந்தப் பார்த்த இரண்டு பேரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். ஒஸ்மார் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன நோண்டற?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு பார்வை." அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். அவன் கண்ணடித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு வண்டிக் காகிதங்களும் கொடி காட்டுகிறவர் மேசையில் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தன. நானும் ரொசில்டாவும் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இருந்த வண்டிகள் ஓடி முடித்து, வொயாஜ் உறுமிக்கொண்டு கோட்டை நோக்கி வந்தது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. இனிப்பாக, கனமாக, எண்ணெய் தீய்ந்த வாசனை. விளக்கெண்ணெய் இன்ஜினில் எரிகிற வாசனையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ரொசில்டா என் கையை நகம் பதியப் பிடித்தாள். "குடிச்சிட்டான்! தல்வாக்கா, வல்தேசிரு விஷத்தக் குடிச்சிட்டான்! வாசனை வருதா?" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். குதித்தாள். பக்கத்தில் நின்ற ஆளின் தொப்பியைப் பிடுங்கி வீசினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒப்பாலா எங்கே என்று தேடினேன். இன்ஜின் சூடு ஏறக்கூடாதென்று வல்தேசிரின் ஆட்கள் அதைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் குனிந்து தள்ளியவன் ஜெசே. புகைக்குழாயில் ஒரு இழை புகை இல்லை.

"ரொசில்டா," என்றேன், "அவன் வண்டி இன்னும் ஸ்டார்ட்டே ஆகலையே."

அவள் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. வொயாஜைப் பார்த்தாள். அதன் புகைக்குழாயிலிருந்து நீலமாகச் சுருள் சுருளாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

கம்பியைத் தாண்டி ஓடினாள். "நிறுத்து! ஆஃப் பண்ணுடா! ஒஸ்மார்!" என்று அவள் கத்தியது எனக்கே அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது, ஒஸ்மாருக்கு எங்கே விழும்? முன் சக்கரத்தைச் சூடேற்ற அவன் மிதித்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு கையையும் ஆட்டுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். தன்னை உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்தான். பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மைதானத்து ஆட்கள் இரண்டு பேர் அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஓரத்தில் போட்டார்கள். ஒருத்தன் கையை அவள் கடித்தே விட்டாள். அதற்குள் ஒப்பாலாவும் உறுமியது, பச்சை விளக்கு எரிந்தது.

பாவி, என்ன அருமையாகக் கிளம்பினான்! அந்தக் கிளப்பலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். ஒப்பாலாவை ஒரு வண்டி நீளம் பின்னால் விட்டான். பாதித் தூரம் வரை அவன்தான் முன்னால். அப்புறம் ஒரு சத்தம், தகர டிரம்மைக் கடப்பாரையால் அடித்த மாதிரி. வொயாஜின் அடியிலிருந்து, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு தார்ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியது. முன் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி இழுத்துக்கொண்டே போய்ப் புல்லில் நின்றது. ஒப்பாலா அதைத் தாண்டிப் போனது, அவசரமே இல்லாமல்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒஸ்மார் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அடி எதுவும் இல்லை. "ரொசி, ஒண்ணும் புரியல," என்றான். "நல்ல ஆயிலத்தான் போட்டேன். நீ ஒளிச்சு வெச்சிருந்தியே, மேசைக்கு அடில, அது. குப்பையில டப்பாவப் பாத்தேன். என்கிட்டகூட மறைக்கறாளே, கண்டுபிடிச்சுப் போட்டுக் காட்டுவோம்னு..." பாதியில் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"வடிச்சியா?" என்றாள்.

"வடிச்சேன்."

"ஃபில்டர்? கூலர்?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். ஆயிலை ஆற்றும் அந்தக் கூலரில் மட்டும் ஒரு லிட்டருக்குமேல் பழைய லாரி ஆயில் நின்றிருக்கும்.

வல்தேசிர் ஒப்பாலாவைத் திருப்பிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தினான். இறங்கினான். கையில் இரண்டு காகிதமும் இருந்தது. மூக்கை உறிஞ்சினான். அவனுக்கும் அந்த வாசனை தெரியுமே. முதலில் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீயா ஊத்தின?" என்று ஒஸ்மாரைக் கேட்டான். "அட என் ராசா! ஜெசே அந்த டப்பாவக் கொண்டாந்து குடுத்ததும் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்யா. இத்தன வருஷம் இவகூட குடும்பம் நடத்தினவன் நான். லேபிளச் சுரண்டாம இவ ஒரு டப்பாவக் குப்பையில போட்டு நான் பாத்ததே இல்ல. தக்காளிச் சாறு டப்பாவக்கூடச் சுரண்டித்தான் போடுவா. லேபிளோட கெடந்தா அது எனக்கு வெச்ச விஷம்னு ஒரு பார்வையில தெரியும். நீ அவகூடத்தான தூங்கி எழுந்திரிக்கற? உனக்குத் தெரியலையா?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, அதற்காக என்னை யாரும் பாராட்ட வேண்டாம். ஒஸ்மார் ரொசில்டாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒப்பாலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி என்னுது," என்றான் வல்தேசிர். "இன்ஜினக் கழட்டி எடுத்துக்குங்க. செத்தத நான் சுமக்க மாட்டேன். புருஷனையும் நீயே வெச்சுக்க ரொசில்டா, அவன் எனக்கு வேண்டாம்."

அவன் நின்று பார்க்க, அந்த வெயிலில் அவர்கள் இரண்டு பேரும் இன்ஜினைக் கழற்றினார்கள். ரொசில்டா ஒஸ்மாரைத் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. "பதினேழாம் நம்பர். பதிமூணு. பிடி. விடு," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை எல்லோரும் போனபிறகு ஒஸ்மார் வந்தான். கிராங்கைச் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மேசைமேல் வைத்துப் பிரித்தேன். பேரிங் உட்காரும் இடமெல்லாம் நீலம் பாய்ந்து, துண்டாகவே முறிந்து இருந்தது. கூடவே ஆயில் உறிஞ்சும் வலையையும் கொண்டுவந்திருந்தான். விரலை விட்டால் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. வழக்கமாகக் கேட்கிற கேள்வி என் வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"தேறுமாக்கா?"

"தேறாது. இரும்புக்கடைக்குப் போடு."

தலையை ஆட்டினான். போகாமல் நின்றான். "அந்த டப்பா வல்தேசிருக்கு வெச்சதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அவளே சொன்னாளா?"

"சொன்னா."

"அந்தாளுக்கும் சொல்லாமலே புரிஞ்சுபோச்சு." கிராங்கின் முறிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். "வாராவாரம் அந்தத் தொட்டியக் கொண்டுபோய்க் கொட்டறது நான்தான்னு அவளுக்குத் தெரியும். நான் பாத்துட்டா என்ன ஆகும்னு அவ ஒரு தடவையாவது யோசிச்சிருப்பாளாக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். உன் வாய் ஓட்டை வாய், கடையில் உளறிவிடுவாய் என்று பயந்தாள் எனச் சொல்லியிருந்தால் பாதி ஆறியிருப்பான். ஆனால் அந்த டப்பாவை என்னிடம் காட்டின அன்று ரொசில்டா எவ்வளவு பேசினாள்! வல்தேசிர், வல்தேசிர் என்று மூச்சுக்கு மூச்சு அவன் பேச்சுத்தான். ஒஸ்மார் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

"இல்லப்பா," என்றேன். "உன் நெனப்பே அவளுக்கு வரல."

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல். "ஒஸ்மார்! எங்க போய்த் தொலைஞ்ச? பதிமூணாம் நம்பர் ஸ்பேனர எடு!"

"இதோ வரேன் ரொசி," என்றான். கிராங்கை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.